மெலிந்த சடை: எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் ஓர் ஆசிரியையின் முடி – நிகழ்வு ஆய்வு

திருமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடம் எடுப்பவர். வயது 39, உயரம் 158 செ.மீ. அறுவைக்கு முன் எடை 112 கிலோ, உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. அளவு 44.9. ஆறு வருடமாகச் சர்க்கரை, படி ஏறினால் மூட்டுவலி, ராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்கார வைக்கும் குறட்டை. அரையாண்டு விடுமுறை தொடங்கிய வாரத்தில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டார். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியை ஒடுக்கமான குழாய்போல் விட்டுவிடுகிற அறுவை அது.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். கட்டுரை முழுக்க அவரை டீச்சர் என்றே சொல்கிறேன். அவர் தெருவிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் வேலை உணவு ஆலோசனை. முடி வெட்டுவது என் வேலை இல்லை. ஆனாலும் இந்த ஆய்வில் பெரும்பகுதி முடியை எப்படி வெட்டினோம் என்பதைப் பற்றியதுதான். அறுவை செய்துகொண்ட பெண்ணுக்குத் தலைமுடி விஷயத்தில் ஒரு தெளிவு வராவிட்டால் நான் எழுதிக்கொடுக்கிற உணவுப் பட்டியல் வீட்டுக் காலண்டரில்தான் தொங்கும், தட்டுக்கு வராது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

வந்தபோது இருந்த நிலை

ஏப்ரல் இரண்டாம் வாரம் வந்தார். எடை 89 கிலோ. சர்க்கரை மாத்திரை இரண்டில் ஒன்றை டாக்டர் நிறுத்தியிருந்தார். குறட்டை நின்றுவிட்டது. இவ்வளவு நல்லது நடந்திருக்கிறது, ஆனால் உட்கார்ந்ததும் அவர் சொன்னது: "இந்த ஆபரேஷனைப் பண்ணியிருக்கவே கூடாது மேடம்."

கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜையில் வைத்தார். முந்தின நாள் தலைக்குக் குளித்தபோது விழுந்த முடி. இடுப்புக்குக் கீழே வரைக்கும் சடை உள்ளவர். அவ்வளவு நீள முடி சுருண்டு கிடந்தால் கைப்பிடி அளவு பார்த்தாலே பயம் வரும். மார்ச் கடைசியில் தொடங்கியதாம், ஆண்டுத் தேர்வு நேரம். தலையணையில், சேலைத் தலைப்பில், திருத்துகிற விடைத்தாளில், சமைக்கிற இடத்தில் என்று எங்கும் முடி. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "டீச்சர், உங்க சடை ஏன் சின்னதாப் போச்சு?" என்று கேட்டிருக்கிறது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பள்ளியில் அவர் எடைக்குறைப்பு அறுவை என்று சொல்லவில்லை, குடலிறக்கம் என்று சொல்லியிருந்தார். உடம்பு குறைவதைச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று சமாளித்துவிட்டார். இப்போது முடியும் கொட்டவே, ஓய்வறையில் ஒருவர் மெதுவாக, "எதுவும் பெரிய வியாதி இல்லையே டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார். உடம்பு இளைத்து முடியும் கொட்டினால் நம் ஊரில் புற்றுநோய் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அறுவையைப் பற்றி யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்பது அவர் உரிமை. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் எந்த மாதிரி முடி வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டோம்.

அறுவைக்கு முன் முடியைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் வருகிற இடம் இது. இந்த அறுவை செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்காவது முடி கொட்டுகிறது. முன்னாலேயே சொல்லிவிட்டால் மூன்றாம் மாதம் அவர்கள் அலறிக்கொண்டு வர மாட்டார்கள்.

"வேரோட வருது மேடம்"

கவரிலிருந்து ஒரு முடியை எடுத்து நுனியைக் காட்டினார். "பாருங்க, வேரோட வருது." அந்த முடியை வெள்ளைக் காகிதத்தில் வைத்தால் சரியாகத் தெரியாது என்று என் கறுப்பு டைரி அட்டையில் வைத்தேன். ஒரு முனையில் குண்டூசித் தலையில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

அது வேர் இல்லை. முடி முளைக்கிற குழி தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. வளர்ச்சி முடிந்து ஓய்வுக்குப் போன முடியின் அடி இப்படித்தான் வெள்ளையாக உருண்டிருக்கும். நம் தலையில் ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 வருடம் வளர்கிறது, சிலருக்கு இன்னும் கூட. அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை முடித்துக்கொண்டு, சுமார் மூன்று மாதம் சும்மா இருக்கிறது. பிறகு கீழே புது முடி கிளம்பும்போது பழையது விழுகிறது. பெரிய காய்ச்சல், பிரசவம், அறுவை, திடீர் எடைக்குறைவு, இப்படி உடம்பை உலுக்குகிற எது வந்தாலும், இன்னும் வளர வேண்டிய முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். அவை விழுவது அன்றைக்கு இல்லை, இரண்டு மூன்று மாதம் கழித்து. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961-ல் இதை விவரித்து டெலோஜென் எஃப்ளூவியம் என்று பெயர் வைத்தார். டைபாய்டு வந்து போனபின் முடி கொட்டும் என்று நம் பாட்டிமார்கள் சொன்னதும் இதுதான்.

கணக்கு டீச்சர் என்பதால் கணக்காகவே சொன்னேன். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. சாதாரணமாகப் பத்தில் ஒரு பங்கு ஓய்வில் இருக்கும், அதாவது 10,000. அது நூறு நாளில் விழுந்தால் நாளைக்கு 100. ஓய்வில் இருப்பது 30 சதவீதம் ஆகிவிட்டால் நாளைக்கு 300. பேனாவை என்னிடமிருந்து வாங்கி அவரே மீதியைப் போட்டார். "அப்போ இன்னிக்கு விழுறது டிசம்பர், ஜனவரியிலேயே முடிவானதா?" ஆமாம். இன்றைக்கு எந்த எண்ணெய் தேய்த்தாலும், எந்த மாத்திரை போட்டாலும், விழப்போகிற முடி விழத்தான் செய்யும். இன்று சாப்பிடுவது, அடுத்து முளைக்கிற முடிக்கு.

பரிசோதனை

தோல் மருத்துவர் தலையில் பல இடங்களில் ஐம்பது அறுபது முடியைச் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு பிடியிலும் எட்டு, பத்து வந்தது. ஆறுக்கு மேல் வந்தாலே உதிர்வு நடப்பதாக எடுத்துக்கொள்வார்கள். தலை முழுக்க ஒரே மாதிரி கொட்டியிருந்தது, வட்டச் சொட்டை இல்லை, தோலில் தழும்பு இல்லை. நடு வகிடு முன்பக்கம் கொஞ்சம் அகலமாக இருப்பதைக் குறித்துக்கொண்டு, "இதை ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்" என்றார்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் 9, வைட்டமின் பி12 168, வைட்டமின் டி 16. எல்லாமே குறைவு. ஃபெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கிற இரும்பின் அளவு. 30-க்குக் கீழே போனாலே குறைபாடு என்று பார்க்கிறோம். இவருடையது அடிமட்டத்தில் இருந்தது.

தைராய்டு அறிக்கை மட்டும் புதிராக இருந்தது. தைராய்டைச் சுரக்கச் சொல்லி ஏவுகிற டி.எஸ்.எச். மிகக் குறைவு, தைராய்டு சுரக்கிற டி4 கூடுதல். பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்றுதான் தோன்றும். அதுவும் முடி கொட்ட ஒரு காரணம். ஆனால் படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று துருவிக் கேட்டபோது, பக்கத்து வீட்டுப் பெண் சொல்லி மூன்று வாரமாக தினம் 10 மில்லிகிராம் பயோட்டின் என்கிற பி வகை வைட்டமின் சாப்பிடுவது தெரிந்தது. முடிக்கு என்று கடைகளில் விற்கிற மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது இதுதான். அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில பரிசோதனை முறைகள் ஏமாந்து தப்பான அளவைக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தோம். டி.எஸ்.எச். 2.4, அதாவது இயல்பு. கேட்காமல் விட்டிருந்தால் இல்லாத நோய்க்கு மாத்திரை தொடங்கியிருக்கும்.

சாப்பாட்டைப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரிந்தது. காலையில் ஒன்றரை இட்லி. பதினோரு மணிக்கு இளநீர். மதியம் நாலைந்து கரண்டி ரசம் சாதம். சாயந்திரம் டீ. ராத்திரி ஆட்டெலும்பு சூப்பு ஒரு டம்ளர். எல்லாம் சேர்த்தாலும் புரதம் 30 கிராம் தேறாது. இந்த அறுவைக்குப் பின் நாளைக்குக் குறைந்தது 60, முடிந்தால் 80 கிராம் வேண்டும். மல்டிவைட்டமின் மாத்திரை குமட்டுகிறது என்று பிப்ரவரியிலேயே விட்டுவிட்டார். இரும்பு மாத்திரையைப் போட்டுவிட்டு அந்த வாயோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

எலும்பு சூப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் உடம்பு தேற சூப்புதான் என்பது ஆழமான நம்பிக்கை. டீச்சரின் மாமியார் தினமும் இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்று அதைக் காய்ச்சிக்கொடுத்தார். அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கறியில்லாத எலும்புத் தண்ணீரில் புரதம் சொற்பம். ஸ்லீவ் வயிறு ஒரு டம்ளரிலேயே நிரம்பிவிடும், அப்புறம் முட்டைக்கோ கறிக்கோ இடமே இருக்காது.

என்ன மாதிரி வைத்துக்கொள்வது

முதல் நாளே எல்லோரும் கேட்டது இதைத்தான். அதற்குள் வீட்டில் ஒரு தீர்ப்பும் ஆகியிருந்தது. கூட வந்த மாமியார் சொன்னார்: "ஏத்தா, மொட்டையப் போட்டா கருகருன்னு வளந்துட்டுப் போகுது. அழகர் ஆத்துல இறங்குறப்ப ஆத்தங்கரையிலயே போட்டுருவோம். எதுக்குத்தா இம்புட்டு யோசனை?"

இதைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பது உண்மையில்லை. கத்தி தோலுக்கு மேலே இருப்பதை மட்டும்தான் சிரைக்கிறது. குழிகளின் எண்ணிக்கை கூடாது. வெட்டுப்பட்ட முனை மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரியும், எல்லா முடியும் ஒரே உயரத்தில் நிற்பதால் கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரே உயரம் என்கிற விஷயத்தில் மாமியார் சொன்னதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இன்னொன்று, சித்திரைத் திருவிழா முடிந்து மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போனால் மதுரையில் யாரும் வியாதியா என்று கேட்க மாட்டார்கள். "என்ன வேண்டுதல் டீச்சர்?" என்பார்கள். குட்டையாக வெட்டிக்கொண்டு போனால்தான் ஆயிரம் கேள்வி வரும். ரகசியம் காக்க வேண்டும் என்றால் மொட்டையைவிட நல்ல வழி இல்லை. கத்தியில் புது பிளேடு போடச் சொல்வதைத் தவிர, உடம்புக்கு அதில் எந்தக் கெடுதலும் இல்லை.

இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சாமிக்குக் குடுக்குறத சாக்காச் சொல்லக் கூடாது மேடம். வேண்டிக்கிட்டுப் போட்டா அது வேற. இது எனக்கு நானே பயந்து போடுறது" என்றார். மாமியாருக்கும் அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. அதோடு மொட்டைப் பேச்சு முடிந்தது.

விக் வேண்டாம் என்பதில் யோசிக்கவே இல்லை. முழுவதும் போகப்போகிற முடி இல்லை இது. திருமங்கலம் வெயிலில் விக் வைத்துக்கொண்டு ஐந்து பீரியட் நிற்க முடியாது.

சவுரி வைத்துப் பின்னிக்கொள்ளலாம் என்பது டீச்சரின் சொந்த யோசனை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் அதன் எடையில் இருக்கிறது. ஏற்கெனவே மெலிந்த முடியில் முடிச்சுப் போட்டு, வியர்வையில் நனைந்து கனத்துப்போன சவுரியைக் காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை தொங்கவிட்டால், தினம் தினம் அதே இடத்தை இழுக்கும். இறுக்கிப் பின்னிப் பின்னியே நெற்றியோரம் வழுக்கையானவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்ளே இருந்து வந்த உதிர்வு தானாகச் சரியாகும். வெளியே இருந்து இழுத்ததால் வருகிற சொட்டை வருடக்கணக்கில் தொடர்ந்தால் திரும்பாமலே போகலாம். ஆகவே சவுரி விசேஷத்துக்கு மட்டும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு என்று வைத்தோம்.

அப்படியே இடுப்புவரை விட்டுவிட்டால்? இதற்கும் டீச்சரே கணக்குப் போட்டார். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. வளர்கிறது. அவர் சடையின் நீளம் 84 செ.மீ. அப்படியானால் இப்போது முளைக்கிற முடி சடை நுனிக்கு வந்து சேர 7 வருடம் ஆகும். அதுவரை மேலே அடர்த்தியாகவும் கீழே போகப்போக எலிவாலாகவும்தான் இருக்கும். தோளுக்குக் கொஞ்சம் கீழே, 36 செ.மீ.யில் வெட்டினால் 3 வருடத்தில் புதுசும் பழசும் சேர்ந்துவிடும். மாமியார் சொன்ன ஒரே உயரம் என்பது இதுதான். மொட்டையில் எல்லாம் பூஜ்யத்திலிருந்து சேர்ந்து வளர்கிறது, குட்டை முடியில் சீக்கிரம் சேர்கிறது, நீள முடியில் சேரவே வருடக்கணக்காகிறது. இன்னொரு லாபமும் உண்டு. 200 முடி விழுந்தாலும் குட்டை முடி என்றால் குளியலறையில் ஒரு சின்ன உருண்டைதான் கிடக்கும். எண்ணிக்கை மாறாது. காலையில் அதைப் பார்க்கிற மனசுக்கு அது பெரிய வித்தியாசம்.

காது மடல் அளவுக்கே வெட்டிவிடலாம் என்றுகூட டீச்சர் துணிந்தார். கணக்குப்படி அது இன்னும் சீக்கிரம். அங்கேதான் பார்லர் அக்கா குறுக்கே வந்தார்.

நான் ஆட்களை அனுப்புகிற அந்த அக்கா மதுரை அண்ணா நகரில் சின்னதாகப் பார்லர் வைத்திருக்கிறார். கத்தரியைக் கையில் எடுக்கும் முன் அவர் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. "டீச்சர், தினம் எம்புட்டுப் பூ வைப்பீங்க?" அரை முழம், வெள்ளிக்கிழமை என்றால் ஒரு முழம். அக்கா அன்றைக்கு டீச்சர் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தை எடுத்தார். எங்கே ஹேர்பின் குத்தியிருந்தது என்று காட்டினார். காதுக்குப் பின்னால், இரண்டு பக்கமும், தினம் அதே இடம். அந்த இடத்தில் முடி மற்ற இடத்தைவிட நைந்திருந்தது. நெருக்கமாகக் கட்டின ஒரு முழச் சரம் தண்ணீர் தெளித்திருந்தால் நல்ல கனம். அதைப் பத்துப் பதினைந்து முடிகள் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தன.

பின்னை எடுத்துவிட்டு, கழுத்துக்கு மேலே தளர்வாக முடியைச் சேர்த்து அகலமான கிளட்ச் ஒன்றைப் போட்டார். சரத்தை இரண்டாக மடித்து, முடியில் குத்தாமல் கிளட்ச்சின் பற்களுக்கு நடுவே செருகினார். இப்போது பூவின் கனத்தைக் கிளட்ச் தாங்குகிறது, கிளட்ச்சைப் பின்னந்தலை முடி மொத்தமும் தாங்குகிறது. "தலைய ஆட்டுங்க." ஆட்டினார். பூ அசையவில்லை. கிளட்ச்சிலிருந்து எவ்வளவு நீளம் கீழே தொங்கினால் பூ சரியாமல் உட்காரும் என்று விரலால் அளந்து, தோளுக்குக் கீழே நாலு விரல் என்று குறித்தார். டீச்சரின் 36 செ.மீ. கணக்கும் ஏறத்தாழ அங்கேதான் வந்து நின்றது. காது மடல் அளவில் வெட்டியிருந்தால் பூ வைக்கவே முடியாது. பூ வைக்காத தலையோடு மாமியார் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமைகூட ஓடாது. பேஷன் புத்தகத்தில் இந்த அளவுகோல் இருக்காது. மதுரைக்காரப் பெண்ணுக்கு இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

வெட்டியது நேர்க்கோட்டு வெட்டு. எல்லோரும் கேட்கிற ஸ்டெப் கட் வேண்டாம் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். அடுக்கடுக்காக வெட்டினால் அடியில் இருக்கிற கொஞ்ச முடியும் குறைந்து இன்னும் சப்பையாகத் தெரியும். ஒரே கோட்டில் வெட்டினால் அடி கனமாகத் தெரியும்.

வகிடுதான் கொஞ்சம் இழுத்தது. நடு வகிட்டில் தோல் வெள்ளையாகத் தெரிந்ததால் ஓரமாக மாற்ற வேண்டும். வகிட்டில் குங்குமம் வைப்பவர், கோண வகிடு எடுத்தால் குங்குமம் எங்கே போகும் என்பது கேள்வி. அக்கா வகிடைத் தொடங்கும் இடத்தை நெற்றி நடுவிலிருந்து ஒரு விரல் மட்டும் தள்ளி, அங்கிருந்து சாய்வாகப் பின்னால் கொண்டுபோனார். குங்குமம் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது, வழுக்கைக் கோடு மட்டும் மறைந்துவிட்டது.

வெட்டிய சடையை அக்கா இரு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். குப்பையில் போட வேண்டாம், சவுரி கட்டுகிறவரிடம் கொடுத்தால் சொந்த முடியிலேயே சவுரி ஆகும், நிறம் பொருந்தும் என்றார்.

பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்தது. விடுமுறையில் வெட்டியது நல்லதாகப் போயிற்று. ஜூனில் போனபோது, "என்ன டீச்சர், புது ஸ்டைலா?" என்பதோடு பேச்சு நின்றுவிட்டதாம். வெயிலுக்கு வெட்டினேன் என்று சொல்லியிருக்கிறார்.

சாப்பாடும் மாத்திரையும்

வெட்டின வாரத்திலிருந்துதான் டீச்சர் பட்டியலைச் சரியாகப் பிடித்தார். காலையில் முடியை எண்ணுகிற வேலை போய்விட்டது, அந்தக் கவனம் தட்டுக்கு வந்தது.

புரதம் முதலில், சோறு கடைசியில் என்பது ஒரே விதி. காலையில் ஒரு முட்டை முழுசு, இரண்டு வெள்ளைக்கரு, அப்புறம் இடம் இருந்தால் அரை இட்லி. இடைவேளைக்குப் பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி, நன்றாக மென்று. மதியம் நன்றாக வெந்த மீன், குழம்போடு. வறுத்த கோழி தொண்டையில் நிற்கிறது என்றதால் அதை விட்டோம். வீட்டில் அயிரை மீன் குழம்பு அடிக்கடி வைப்பார்கள், அது மெத்தென்று இறங்குவதால் இவருக்கு ஒத்துக்கொண்டது. சாயந்திரம் புரதப் பொடி ஒரு ஸ்கூப், தண்ணீரில். பாலில் கலந்தால் குமட்டியது. ராத்திரி பன்னீர் அல்லது சுண்டல். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி கழித்துத்தான். மாமியாரின் சூப்பை நிறுத்தச் சொல்லவில்லை. எலும்புக்குப் பதில் கொத்துக்கறியும் ஈரலும் போட்டு வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு அதில் இருப்பதைக் கொடுக்கச் சொன்னேன். அவர் அதை உடனே ஏற்றுக்கொண்டார். சமைப்பவரைப் பகைத்துக்கொண்டு எந்த உணவுப் பட்டியலும் நடக்காது.

இரும்பு மாத்திரை வயிற்றுக்கு ஒத்துவராததால் அறுவை மருத்துவர் ட்ரிப்பாக ஏற்றிவிட்டார். பி12 ஊசி, வைட்டமின் டி, மெல்லுகிற வகை மல்டிவைட்டமின். கால்சியத்துக்கும் மல்டிவைட்டமினில் உள்ள இரும்புக்கும் இடையே இரண்டு மணி நேரம் விட வேண்டும், டீ பக்கத்திலேயே வரக் கூடாது. தனியாகத் துத்தநாகம் வாங்கிச் சாப்பிடலாமா என்று கேட்டார். அதிகமாகப் போனால் அது உடம்பில் தாமிரத்தைக் குறைத்துவிடும், அதனால் வேறு சிக்கல் வரும். மல்டிவைட்டமினில் இருக்கிறதே போதும் என்றேன்.

எண்ணெய் விஷயத்தில் நான் சண்டைக்குப் போவதில்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டு நைந்துபோவதைக் குறைக்கும், அதனால் அறுந்து விழுவது கொஞ்சம் குறையும். குழிக்குள் போய் முடியை முளைக்க வைக்காது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருக்கட்டும். பரபரவென்று தேய்ப்பதும், ஈரத் தலையில் பேன் சீப்பைப் போடுவதும்தான் வேண்டாம். பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே போகச் சொன்னேன்.

பிறகு நடந்தது

ஜூலையில் உதிர்வு பாதியாகக் குறைந்தது. ஆகஸ்டில் பதறிக்கொண்டு ஒரு போன். நெற்றியோரம் முடி எல்லாம் அறுந்து குட்டிகுட்டியாக நிற்கிறது என்றார். நேரில் வரச் சொல்லிப் பார்த்தேன். அறுந்த முடி என்றால் நுனி கத்தரித்த மாதிரி மழுங்கியிருக்கும். இவருடையது நுனி ஊசியாகக் கூர்ந்து, இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில் நின்றது. புதிதாக முளைத்தது. அதை எண்ணெய் அப்பிப் படிய வைக்க வேண்டாம், ஈரக்கையால் தடவிவிட்டால் போதும் என்று அக்காவும் சொன்னார். அன்றைக்கு டீச்சர் கைப்பேசியில் எடுத்துக்கொண்ட நெற்றிப் படத்தை இப்போதும் ஆட்களிடம் காட்டுகிறாராம். அறுவை பற்றி இரண்டு பேரிடம் அவரே சொல்லியும்விட்டார்.

அக்டோபரில் எடை 74, பி.எம்.ஐ. 29.6. ஃபெரிட்டின் 46, ஹீமோகுளோபின் 12.4. முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் ஒன்றிரண்டுதான் வருகிறது.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. முன்பக்க வகிட்டின் அகலம் மட்டும் குறையவில்லை. தோல் மருத்துவர் கருவி வைத்துப் பார்த்ததில் அங்கே முடிகள் ஒன்று தடிமனாகவும் ஒன்று மெலிசாகவும் கலந்திருந்தன. பரம்பரையாகப் பெண்களுக்கு வருகிற முடி மெலிவின் தொடக்கம் அது. டீச்சரின் அம்மாவுக்கும் உச்சியில் முடி குறைவு. அறுவை இதைக் கொண்டுவரவில்லை, உள்ளே இருந்ததை வெளியே காட்டிவிட்டது. முடி வளர்ச்சிக்கான மினாக்சிடில் மருந்தைத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் சில வாரம் இன்னும் கொஞ்சம் விழும், அதற்காக நிறுத்திவிடக் கூடாது, பலன் தெரிய நாலைந்து மாதம் ஆகும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இந்தமுறை டீச்சர் பதறவில்லை. எந்த மாதம் எவ்வளவு விழும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

தோளுக்குக் கீழே நாலு விரல் என்ற அளவு அப்படியே தொடர்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அக்கா அடியை நேர்செய்கிறார். டிசம்பரில் ஓராண்டு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தையில் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. தன் சடையிலேயே கட்டிய சவுரியை வைத்துக்கொள்ளலாமா என்று போன வாரம் கேட்டார். சீர் வாங்கி மணையில் உட்கார வைக்கிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பூவைச் சவுரியில் சுற்றுங்கள், தலைமுடியில் பின் குத்த வேண்டாம், பந்திக்கு உட்காரும் முன் கழற்றிவிடுங்கள் என்றேன். பந்தியில் முதலில் முட்டையைச் சாப்பிடுங்கள் என்பதையும் சொன்னேன்.